அக்கா எடுத்த என் முகம்

கும்மிடிப்பூண்டியில் அப்போது புதிதாக வந்திருந்த இரும்புத் தொழிற்சாலையின் மேனேஜர், மேசையில் நான் பரப்பி வைத்த படங்களில் ஒன்றை மட்டும் எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். உலையை விட்டு வெளியே வந்த தொழிலாளி ஒருவர், துண்டால் கழுத்தைத் துடைத்தபடி சிரிக்கும் படம். “இதை எடுத்தது யாரு? அடுத்த தடவையும் அவங்களையே அனுப்புங்க” என்றார். என் அக்கா என்று சொன்னேன். மீதிப் படங்களை வாரி உறைக்குள் திணித்தேன்.

கவரைப்பேட்டையில் ஸ்டூடியோ வைத்திருந்தவன் நான். மதராசில் ஒருவரிடம் முறையாகத் தொழில் கற்றவன். கணவரை இழந்து எங்களிடம் வந்த அக்கா இருட்டறையில் படம் கழுவ மட்டும்தான் உதவிக்கொண்டிருந்தாள். எழுபதுகளின் நடுவில் ஒரு வருடம் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஒப்புக்கொண்ட வேலைகளுக்கு அவள் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் தேறி எழுந்த பிறகும் ஆட்கள் அவளையே கேட்டு வந்தார்கள்.

ஆர்.கே.பேட்டை பம்புசெட் வியாபாரி காலண்டருக்குப் படம் கேட்டார். நான் பம்புசெட்டைப் பளபளவென்று துடைத்து, பின்னால் வெள்ளைத் துணி கட்டி எடுத்தேன். அது கொட்டும் தண்ணீரில் நடவு முடித்த பெண் ஒருத்தி கால் கழுவுவதை அக்கா எடுத்தாள். அதுதான் அச்சானது. பழவேற்காட்டு இறால் வியாபாரி, நான் தட்டில் அழகாக அடுக்கி எடுத்த இறாலை விட்டுவிட்டு, இறால் உரிக்கும் பெண்களின் ஈரக் கைகளை அக்கா எடுத்த படத்தை வாங்கிப்போனார். பெரியபாளையம் கோயிலில் மொட்டையடித்த குழந்தைகள் என் கேமராவைக் கண்டால் வீறிட்டன. அவளிடம் சமர்த்தாக உட்கார்ந்தன.

அதிர்ஷ்டம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கூடவே போய்ப் பார்த்தேன். அவள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. காலையில் என்ன நாஷ்டா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்பாள். அவர்கள் பதில் சொல்லும்போதே கேமரா சொடுக்கிவிடும். நானும் அப்படியே கேட்டுப் பார்த்தேன். பதில் சொல்லி முடித்துவிட்டு மறுபடி விறைத்து நின்றார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கியபோது அம்மா போட்டோ கேட்டாள். அக்காவிடம் உட்கார மனமில்லாமல் பஸ் ஏறி, திருவள்ளூரில் வேறொரு ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்டு வந்தேன். மாலை போட்டு மாட்டுகிற படம் மாதிரி இருக்கிறது என்று அம்மா திருப்பிக் கொடுத்துவிட்டாள். வேறு வழியில்லை. என் கடை ஸ்டூலில், அக்காவின் எதிரே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தேன்.

என்னிடம் அவள் நாஷ்டா பற்றிக் கேட்கவில்லை. “அந்த மேனேஜர் படம் எடுக்க மாசச் சம்பளத்துக்குக் கூப்ட்டாருடா. வரேன்னு சொல்ட்டேன்” என்றாள். நிமிர்ந்தேன். கேமரா சொடுக்கியது.

மறுநாள் ஈரம் காயாத படத்தை என் முன்னால் வைத்தாள். புருவம் நெரிந்து, உதடு இறுகி, கண்கள் எதிரே இருப்பவளை எரித்துக்கொண்டிருந்தன. அவள் குரலில் கோபம் இல்லை. “இந்த மூஞ்சியத்தான் ஒரு வருசமா பாத்துக்கினு கீறேன். சிரிச்சீன்னா வேற ஒண்ணு எடுக்கறேன்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீம்புக்கு அதையே பெண் வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன். அடுத்த மாதம் அக்கா தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டாள். ஸ்டூடியோ முழுக்க எனக்கே என்றானது. அவளைக் கேட்டு வந்தவர்கள் வாசலோடு திரும்பிப் போனார்கள்.

அந்தப் பெண் வீட்டில் சம்மதம் சொன்னார்கள். கல்யாணமாகிச் சில நாள் கழித்து, அந்தப் படத்தில் என்ன பார்த்தாய் என்று மனைவியிடம் கேட்டேன். “மத்தவங்க போட்டோல்லாம் பொம்ம கணக்கா இருந்துச்சு. உங்க மூஞ்சில தான் இன்னாமோ நெசமா இருந்துச்சு” என்றவள், கொஞ்சம் யோசித்துவிட்டு, “யாரு எடுத்தாங்க?” என்று கேட்டாள்.