அக்காவின் குறிப்புகளைப் போன் படித்த நாள்

விஜயநகரில் இருக்கும் என் அக்கா ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்தவள். சாப்பாட்டு வேளையில் தோழிகள் சொன்ன சமையல் குறிப்புகளையெல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் தமிழிலேயே தட்டச்சு செய்து சேர்த்துவைத்தாள். இருநூறுக்கு மேல் இருக்கும். ஓய்வுபெற்ற சில ஆண்டுகளில் க்ளாக்கோமா வந்து பார்வை முழுவதும் போய்விட்டது. போன் வாய்விட்டுப் படிப்பதைக் கேட்டே காரியங்களைச் செய்யப் பழகிக்கொண்டாள்.

அந்தக் குறிப்புகளையும் போனில் போட்டுத் தரச் சொன்னாள். எனக்கு அது பெரிய வேலையாகத் தெரியவில்லை. எல்லா ஃபைல்களையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி அனுப்பினேன். என் கண்ணுக்கு ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று இருந்தது.

மறுநாள் நான் ஹெப்பாள் ஆபீஸிலிருந்து கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது அக்கா அழைத்தாள்.

"என்னடி இது, ஏ, கமா, டாலர்னு ஏதேதோ சொல்லுது. வாங்கிபாத் எங்க?"

அவள் தேடியது கத்தரிக்காய் சாதக் குறிப்பை. கோபம் இல்லை. குரல்தான் தளர்ந்திருந்தது. அது எனக்குக் கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

நேரே அவள் வீட்டுக்குப் போனேன். அவள் தட்டச்சு செய்தது பழைய எழுத்துருவில். ஃபைலுக்குள் கிடந்தவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவம் போட்டுக் காட்டியிருக்கிறது. போன் உள்ளே இருந்ததை அப்படியே படித்தது.

எந்தப் போனும் தமிழாகவே படிக்கும் யூனிகோடுக்கு மாற்ற இணையத்தில் இலவச வசதி கிடைத்தது. ஆனால் எந்த எழுத்துருவிலிருந்து என்று சரியாகச் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் தமிழ் போல ஏதோ வரும். நான்காவது முயற்சியில் போன் தெளிவாக "கத்தரிக்காய்" என்றது. அக்கா நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அதோடு முடியவில்லை. அரை, கால் என்ற அளவுக் குறிகள் எல்லாம் மாற்றத்தில் காணாமல் போயிருந்தன. "வெந்தயம் ஸ்பூன்" என்று போன் சொல்லும். எத்தனை என்று சொல்லாது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்தோம். போன் படிக்கும், அவள் நிறுத்தி அளவு சொல்வாள், நான் சேர்ப்பேன். அவளுக்கு மறந்துபோன இடத்தில் உத்தேசமாகப் போடப் பார்த்தேன்.

"ஊகிச்சுப் போடாதே. கொடுத்தவளையே கேட்டுடலாம்" என்று போன் செய்யவைத்தாள்.

கடைசியாக ஒன்று. ரசம் வேண்டுமென்றால் முதல் பக்கத்திலிருந்தே கேட்க வேண்டியிருந்தது. அதனால் பிடிஎஃப்பை விட்டுவிட்டு வேர்ட் ஃபைலாக்கி, ஒவ்வொரு பதார்த்தத்தின் பெயரையும் தலைப்பாக அமைத்தேன். விரலால் ஒரு தள்ளு தள்ளினால் அடுத்த தலைப்பு. பெரிய கஷ்டமில்லாத வேலை. ஆனால் அன்று அவள் சாம்பார்களைத் தாண்டித் தாண்டிப் போய் வாங்கிபாத்தில் நின்றபோது, என் பள்ளிக்கூடப் பரிசுகள்கூட அவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை என்று தோன்றியது.

அடுத்த ஞாயிறு பழைய அலுவலகத் தோழிகள் மூவரைச் சாப்பிடக் கூப்பிட்டாள். என்னைச் சமையலறைக்குள் விடவில்லை. போன் அளவு சொல்லச் சொல்ல, தனியாவும் மிளகாயும் வறுபடும் வாசனை ஹாலுக்கு வந்தது.

வாங்கிபாத் குறிப்பைக் கொடுத்த தோழி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, கன்னடத்தில் "சென்னாகிதே" என்று மெச்சி, "நான் பண்றதைவிட நல்லா வந்திருக்கு. என்ன மாத்தினே?" என்றாள்.

"ஒண்ணும் மாத்தலை. நீ சொன்ன அளவுதான். இரு, அனுப்பறேன்."

கை கழுவிவிட்டு வந்து, போன் படிப்பதைக் கேட்டபடி, வாங்கிபாத் குறிப்பை மட்டும் பிரித்துப் பிடிஎஃப் ஆக்கி மூவருக்கும் அவளே அனுப்பினாள். மூன்று போன்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தன. நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவே இல்லை.