டைகரைக் கொடுத்துவிட்டுப் போன செல்வராசு அண்ணன்

செல்வராசு அண்ணன் போய்விட்டார். இன்று விடியற்காலை, எழுமலையில், தங்கச்சி வீட்டில் வைத்து...

இந்தப் பக்கத்தில் நான் போடுகிற எங்கள் நாய் டைகரின் போட்டோக்களுக்கு ஹார்ட் போடுகிறவர்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டிய செய்தி இது. அவளைக் குட்டியிலிருந்து வளர்த்தவர் அவர்தான். நான் இரண்டாவது ஓனர்.

கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை. முதலில் வந்தது நிம்மதி. அந்த வயிற்று வலியோடு அவர் பட்ட பாடு முடிந்தது. டைகரைப் பற்றிய கவலையும் இல்லாமல் போனார். தப்பாக நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள்.

கப்பலூரில் நான் அக்கவுண்ட்ஸ் பார்க்கிற அட்டைப்பெட்டி கம்பெனியில் அவர் டிஸ்பாட்ச் சூப்பர்வைசர். வாய் ஓயாத மனுஷன். லாரி டிரைவர், லோடுமேன், முதலாளி... யாராக இருந்தாலும் அவர் பேசி முடித்த பிறகுதான் வாயைத் திறக்க முடியும்.

கம்பெனி கேட் பக்கம் ஒண்டிக் கிடந்த குட்டியை வீட்டுக்குத் தூக்கிப் போய் டைகர் என்று பெயர் வைத்தார். பெட்டை நாய்க்கு யாராவது இப்படிப் பெயர் வைப்பார்களா என்று கேட்டேன்.

"வால அம்புட்டு இறுக்கமா உள்ள சுருட்டி வச்சிருந்துச்சு தாயி. ஆணா பொண்ணானு பாக்கவே விடல. வச்ச பேர மாத்துனா அதுக்குக் கொழப்பம்ல."

தனி ஆள். வியாதி முற்றியதும் தங்கச்சி வீட்டுக்குப் போக வேண்டி வந்தது. அங்கே முற்றம் நிறையக் கோழி. டைகர் கோழியைக் கண்டால் விடமாட்டாள்.

யாராவது எடுத்துக்கொள்வார்களா என்று கம்பெனி முழுக்கக் கேட்டுப் பார்த்தார். வளர்ந்த நாட்டு நாய் யாருக்கு வேண்டும்... எல்லோரும் குட்டிதான் கேட்கிறார்கள். நான் ஏதோ ஒரு வேகத்தில் சரி என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரரிடம் அப்புறம்தான் சொன்னேன். அவர் இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

தல்லாகுளத்தில் எங்கள் வீடு முதல் மாடி. டைகர் அதுவரை படியே ஏறியதில்லை. முதல் படியிலேயே நாலு காலையும் பரப்பிப் படுத்துவிட்டாள். வீட்டுக்காரர் அவளைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கியதைத் தெருவே வேடிக்கை பார்த்தது.

குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். ஒன்றுக்குப் போக மண் இருந்தால்தான் ஆகும். எங்கள் வீட்டில் மண் இருந்த ஒரே இடம் பால்கனியில் துளசித் தொட்டி... மேற்கொண்டு நான் சொல்ல வேண்டாம்.

அண்ணன் போனிலேயே கிளாஸ் எடுத்தார். "படிக்கு ஒரு துண்டு ஈரல் வையி தாயி. பெல்ட்டப் பிடிச்சு இழுக்காத. அதுவா வரும்." வந்தாள். கொஞ்ச நாளில் எங்களுக்கு முன்னால் ஓடி மாடியில் போய் நின்றாள்.

சாப்பாடு மட்டும் உள்ளே இறங்கவில்லை.

தினமும் சாயங்காலம் அண்ணன் கூப்பிடுவார். "ஸ்பீக்கர்ல போடு தாயி." போட்டதும், "ஏ டைகரு, சாப்டியா" என்று ஆரம்பிப்பார். அவள் தட்டை அப்படியே விட்டுவிட்டு வாசல் கதவுக்கு ஓடுவாள். அவர் வந்துவிட்டார் என்று நினைப்பு.

போனை வைத்த பிறகும் கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பாள். காலையில் தட்டு வைத்தது வைத்தபடி இருக்கும். விலா எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது.

படுத்த படுக்கையாக இருக்கிறவரிடம் போன் பண்ணாதீர்கள் என்று எப்படிச் சொல்வது? நீ சொல், நீங்களே சொல்லுங்கள் என்று நானும் வீட்டுக்காரரும் தள்ளிப்போட்டோம். ஒருநாள் சோற்றைக் குப்பையில் கொட்டிவிட்டு வந்த எரிச்சலில் நானே சொல்லிவிட்டேன். "அண்ணே, ஒங்க கொரலக் கேட்டா அவ சாப்புட மாட்டேங்குறா."

 

"அப்ப நான் பேசல தாயி. அவ திங்கும்போது போனப் பக்கத்துல மட்டும் வையி. கேட்டுக்கிறேன்."

அன்றிலிருந்து அப்படித்தான். போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பேன். அங்கிருந்து ஒரு கனைப்புகூட வராது. முதலாளியையே பேச விடாத மனுஷன்...

முதலில் சும்மா முகர்ந்து பார்த்துவிட்டுப் போனாள். அப்புறம் இரண்டு வாய். ஒருநாள் சாயங்காலம் தட்டை மூக்கால் முட்டித் தள்ளிக்கொண்டே முழுசாகத் தின்று முடித்தாள். நான் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடினேன்.

"தட்டு நகர்ற சத்தம் கேட்டுச்சு தாயி."

போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார். குரல் தேய்ந்து போயிருந்தது. "ஒரே ஒரு தடவ ஸ்பீக்கர்ல போடு தாயி. கூப்ட்டுப் பாத்துக்கிறேன்."

மறுபடியும் கதவுப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது? மாட்டேன் என்றும் சொல்ல முடியவில்லை. போட்டேன்.

"ஏ டைகரு..."

காதைத் தூக்கினாள். எழுந்து வந்து போனை முகர்ந்தாள். வால் ஆடிய ஆட்டத்தில் டீப்பாய் மேல் இருந்த டம்ளர் விழுந்தது. கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பிப் போய், டிவி பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் காலடியில் படுத்துக்கொண்டாள்.

"கதவுக்குப் போயிட்டாளா தாயி?"

"இல்லண்ணே. இவரு கால்ல தலைய வச்சுப் படுத்திருக்கா."

"நெசமாவா?"

"சத்தியமாண்ணே."

"அப்பச் சரி. இனிமே எனக்கு ஒண்ணுமில்ல தாயி."

எழுமலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறோம். டைகரைக் கூட்டிப் போகவில்லை. காலையில் தட்டைக் காலி பண்ணிவிட்டு, ஃபேனுக்கு அடியில் காலை நீட்டித் தூங்குகிறாள்.

நீங்களும் தூங்குங்கண்ணே.