மச்சான் ஊதிய அடுப்பு

போன மாதம் ஆன்லைனில் விறகு கெட்டில் ஒன்று வாங்கினேன். நடுவில் புகைபோக்கி, அதைச் சுற்றித் தண்ணீர், அடியில் சுள்ளி எரிய ஓட்டை வைத்த கிண்ணம். மொட்டைமாடியில் முதல்முறை பற்றவைத்தபோது கெட்டிலின் வாயில் இருந்த தக்கையை எடுக்க மறந்துவிட்டேன். அது டப்பென்று பறந்து எதிர்வீட்டு மாடியில் காய்ந்த வடகத்தில் போய் விழுந்தது.

அதை வீடியோ எடுத்து குடும்ப குரூப்பில் போட்டவன் என் மச்சான், மனைவியின் தம்பி. அன்றிலிருந்து எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் நான் "ராக்கெட் மாமா"தான்.

இன்று எல்லோரும் பெருமுக்கல் மலைக்குப் போனோம். மலையிறங்கி அடிவாரத்தில் உட்கார்ந்ததும் மச்சான் புது கேஸ் அடுப்பை எடுத்தான்.

"மாமா, உங்க ராக்கெட்ட ஓரமா வைங்க. அஞ்சு நிமிஷத்துல டீ."

அடித்த காற்றில் அடுப்பு அணைந்தது. மறுபடி பற்றவைத்தான், மறுபடி அணைந்தது.

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "இன்னாடா பண்ணிக்கினு கீற? தலவலி மண்டய பொளக்குது. மாப்ள, நீங்க வைங்க."

தக்கையை எடுத்து எல்லோருக்கும் காட்டிவிட்டுச் சுள்ளியைப் பற்றவைத்தேன்.

"மச்சான், குனிஞ்சி அந்த ஓட்டையில ஊது. நிறுத்துனா அணஞ்சிடும்."

ஊதினான். புகை மொத்தமும் அவன் முகத்தில்.

"மாமா, கண்ணு எரியுது!"

"ஜல்தி ஊதுடா, உங்கம்மாவுக்குத் தலவலி இல்ல?"

தண்ணீர் கொதித்தது. டீ பிரமாதம் என்றார் மாமியார். கண்ணும் மூக்கும் ஒழுக மச்சானும் இரண்டு டம்ளர் குடித்தான்.

நான் செய்தது தப்பா என்று நீங்களே சொல்லுங்கள். அவனிடம் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான்: அந்த ஓட்டையைக் காற்று வரும் பக்கம் திருப்பி வைத்தால் போதும், ஊதவே வேண்டாம்.