என் ஊடாகப் போன கடிதம்

அரச உத்தியோகத்தர் ஒருவர் மேலிடத்துக்கு எழுதும் கடிதம் அவருடைய கந்தோர்த் தலைவரின் ஊடாகவே போக வேண்டும். தலைவர் அதில் தன் அபிப்பிராயத்தை எழுதித் தாமதமின்றி அனுப்பி வைக்க வேண்டும். இதுதான் விதி. புத்தகம் பார்த்து எழுதவில்லை. இரவுக் குளிசை போட்டேனா இல்லையா என்பதே மறந்துபோகிற வயதிலும் இது மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது.

போன கிழமை மகள் வவுனியாவிலிருந்து வந்திருந்தாள். அவளும் அரச உத்தியோகம்தான். கிளிநொச்சிக்கு மாற்றம் கேட்டுத் தலைமைக் கந்தோருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டதாகச் சொல்லிக் கைப்பேசியை நீட்டினாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நல்ல ஆங்கிலம், நாலே வரி. ஆனால் பெறுநருக்குக் கீழே இருக்க வேண்டியதைக் காணவில்லை.

“த்ரூ எங்கை பிள்ளை?”

“என்ன த்ரூ?”

“ஆரின்ரை ஊடாக அனுப்பினனீ எண்டு கேக்கிறன்.”

“வைஃபையின்ரை ஊடாக அப்பா.”

குசினிக்குள் தேங்காய் திருவிக்கொண்டிருந்த என் மனைவி சிரிக்கத் தொடங்கினாள். அது சாதாரணச் சிரிப்பல்ல. மகள் பிறப்பதற்கு முன்பிருந்தே அவள் பத்திரப்படுத்தி வைத்து, வேண்டும்போது எடுத்துப் பாவிக்கிற சிரிப்பு. அதைக் கேட்டால் எனக்கு உடனே முத்திரை மையும் கோந்தும் மணக்கும்.

நண்பரே, த்ரூ ஒரு சின்ன ஆங்கிலச் சொல். வெள்ளைக்காரர் அதைக் காட்டுக்கும் மழைக்கும் ஜன்னலுக்கும் பாவிக்கிறார்கள். காட்டுக்குள்ளால் நடப்பார்கள், ஜன்னலுக்குள்ளால் பார்ப்பார்கள். நாங்கள் அதை ஆட்களுக்குப் பாவித்தோம். கொழும்புக்கு எழுதும் கடிதத்தில் பெறுநரின் விலாசம் முடிந்ததும் ஒரு வரி விட்டு, த்ரூ என்று போட்டு, அடியில் கோடிழுத்து, எங்கள் தலைவரின் பதவியை எழுதுவோம். அவசரக்காரர் அந்தச் சொல்லின் கடைசி மூன்று ஆங்கில எழுத்தை வெட்டிவிட்டு ஒரு குறியைத் தொங்கவிடுவார்கள். நான் முழுதாக எழுதுகிற கட்சி. அந்தச் சொல்லுக்குக் கீழே பதவி வந்துவிட்டால் அவர் மனிதர் அல்ல, கதவு. சில கதவுகள் தட்டினால் திறக்கும். சிலவற்றுக்கு எண்ணெய் விட வேண்டும். கந்தோருக்கு வெளியிலும் இந்த வருத்தம் தொற்றுநோய் போலப் பரவியிருந்தது. எங்கள் பக்கத்து வாசிகசாலைச் செயலாளர் தன் மருமகனுக்கு அனுப்பிய கல்யாண அழைப்பிதழில், ‘த்ரூ: மாமனார்’ என்று போட்டுத் தானே கையொப்பமிட்டுக் கொடுத்தவர்.

அப்போது நான் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு சிறிய கந்தோரில் கோப்பு எழுதும் இலிகிதர். மாங்குளத்தில் பஸ் மாறி உள்ளே போக வேண்டும். மனைவி கிளிநொச்சிப் பக்கம் கண்டாவளையில் ஆசிரியை. கல்யாணம் முடித்த முதல் வருஷம். சனிக்கிழமை போய் ஞாயிறு திரும்புகிற புருஷன் நான். அவள் பிள்ளைத்தாச்சியாக இருந்தாள். பிள்ளை கிடைக்கும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே அவள் கேட்டது. கிளிநொச்சிக்கு மாற்றம் கேட்டு, ஒரு பக்கத்தில், கடிதத்தை ஓரம் பிசகாமல் தட்டச்சு செய்வித்தேன். விலாசம், ஒரு வரி இடைவெளி, த்ரூ, கோடு, எங்கள் தலைவரின் பதவி. பார்க்கவே அழகாக இருந்தது.

அதைக் கையளிக்க வேண்டிய திங்கட்கிழமை தலைவர் முதுகு வலியென்று நீண்ட லீவில் போய்விட்டார். பதில் கடமைக்கு மூத்த இலிகிதரை நியமித்திருந்தார்கள். மூத்த இலிகிதர் நான்.

ஆக, கடிதம் எழுதியவனும் நான், கதவும் நான்.

தட்டெழுத்தாளர் ரீட்டா அக்கா பேனையை என் கைக்குள் திணித்தா. “சிபாரிசு செய்கிறேன் எண்டு எழுதிச் சைன் வையும் தம்பி. பின்னேரத் தபாலுக்குப் போயிடும்.”

“அப்பிடிச் செய்யேலாது அக்கா. முறை எண்டு ஒண்டு இருக்கு.”

முறைப்படி, இலிகிதரின் கடிதம் பியோனின் கையால் தலைவரின் மேசைக்குப் போக வேண்டும். எங்கள் பியோன் ஹமீது நானா. நான் என் மேசையில் இருந்து கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். பிறகு எழுந்து தலைவரின் அறைக்குள் போய், மின்விசிறியைப் போட்டு, கதிரையில் அமர்ந்து, அவர் கொண்டுவரும்வரை காத்திருந்தேன்.

ஹமீது நானா வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். “சேர், வெளியில ஒரு தம்பி இந்தக் கடிதத்தைத் தந்தவர். நல்ல பிள்ளை. கொஞ்சம் பாத்துச் செய்யுங்கோ.”

“வைச்சிட்டுப் போங்கோ நானா.”

“அந்தத் தம்பி வெளியில நிக்கிறார் எண்டு நினைச்சன். கதிரை வெறுமையாக் கிடக்கு. லீவு போடாமப் போட்டார் போல. விளக்கம் கேக்கட்டோ?”

அடுத்த அறையில் ரீட்டா அக்காவின் தட்டெழுத்துப் பொறி நின்றுபோனது. அவ மேசையில் தலை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தா.

நான் சிரிக்கவில்லை. தலைவர் எழுத வேண்டிய அபிப்பிராயம் இருந்தது: இவரை விடுவிக்கலாமா? கந்தோரில் இலிகிதர் இரண்டே பேர். மற்றவருக்குக் கோப்பு எது, கொப்பி எது என்று தெரியாது. தலைவராக இருந்து நியாயமாக யோசித்தால், இந்த ஆளை விட்டால் கந்தோர் படுத்துவிடும். எனக்கு என்னைப் பற்றி அவ்வளவு உயர்ந்த அபிப்பிராயம். ஆகவே எழுதினேன்: ‘விண்ணப்பதாரி இன்றியமையாதவர். பதிலாள் வரும்வரை விடுவிக்க முடியாது.’ கையொப்பமிட்டு, திகதி முத்திரை குத்தி, அனுப்பினேன்.

“உமக்கு விசரே தம்பி?” என்றா ரீட்டா அக்கா. “பிள்ளை பிறந்து உம்மை மாமா எண்டு கூப்பிடப் போகுது.”

சனிக்கிழமை கண்டாவளையில் இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முதன்முதலாக அந்தச் சிரிப்பைக் கேட்டது அன்றைக்குத்தான். சிரித்து முடிந்ததும், “இஞ்சாருங்கோ, உங்களுக்கு மேல இருக்கிறவர் ஆர்?” என்று கேட்டாள். சொன்னேன். “அவருக்கு மேல?” அதையும் சொன்னேன். பதவி, விலாசம், தபால்பெட்டி இலக்கம் எல்லாம் எனக்குப் பாடம். அவள் எதற்குக் கேட்கிறாள் என்று யோசிக்கிற பழக்கம் மட்டும் இல்லை.

புதன்கிழமை கந்தோருக்கு ஒரு கடிதம் வந்தது. என் பெயர். கீழே, கோடிழுத்து, ‘த்ரூ: பதில் கடமைத் தலைவர்.’ மனைவியின் கையெழுத்து. ரீட்டா அக்கா எல்லாருக்கும் கேட்க வாசித்தா: “வயிற்றிலிருப்பவர் வெளிவரும் நாள் அண்மித்துவிட்டது. தகப்பனார் சமுகமளிப்பாரா என்பதைத் தலைவரின் அபிப்பிராயத்துடன் தயவுசெய்து அறியத் தரவும்.”

ஹமீது நானா அதை வாங்கி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு என் பின்னால் தலைவரின் அறைக்கு வந்தார். கை பழகிய தோஷம், நான் அதிலும் திகதி முத்திரையைக் குத்திவிட்டேன்.

ஆனால் அதைத் தபாலில் போட்ட நாளே அவள் இன்னொரு கடிதமும் போட்டிருந்தாள். கொழும்புக்கு, நேரே, நல்ல ஆங்கிலத்தில், நான் சொன்ன விலாசங்களில் ஆக மேலே இருந்தவருக்கு. த்ரூ இல்லை. ஆசிரியையாக எழுதவில்லை, மனைவியாக எழுதியிருந்தாள். மனைவிக்குக் கந்தோர்த் தலைவர் கிடையாது. விதி முழுவதையும் பாடமாக்கியவன் நான். விதி யாரைக் கட்டாது என்று பார்த்தவள் அவள்.

மாற்றக் கட்டளை தந்தியில் வந்தது, உடனடியாக விடுவிக்கவும் என்று. இன்றியமையாதவரை நானே விடுவித்தேன். ரீட்டா அக்கா மைலோ கரைத்துத் தந்தா. ஹமீது நானா என் பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, “சேரை நான் பாத்துக்கொள்ளுறன், தம்பி போங்கோ” என்றார். நான் கண்டாவளையில் இறங்கிய அதே கிழமை மகள் பிறந்தாள். மருத்துவத் தாதி வெளியே வந்து, “தகப்பன் ஆர்?” என்று கேட்டபோது, எவருடைய ஊடாகவும் அல்லாமல், “நான்தான்” என்றேன்.

இப்போது அந்தக் கந்தோர் இருந்த இடத்தில் பற்றைக்காடு. ரீட்டா அக்கா கனடாவில். வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது ஹமீது நானா குடும்பத்தோடு புத்தளம் போக வேண்டி வந்தது. பிள்ளைகள் திரும்பி வந்துவிட்டார்கள், அவர் வரவில்லை. சேர் என்றும் தம்பி என்றும் ஒரே மூச்சில் என்னைக் கூப்பிட இனி ஆளில்லை. கோந்துப் போத்தலும் இல்லை, கோடிழுக்க அடிமட்டமும் இல்லை. மகளின் மின்னஞ்சலுக்கு அன்று பின்னேரமே கைப்பேசியில் ஒரு பெருவிரல் படம் வந்துவிட்டது, தலைமைக் கந்தோருக்குச் சம்மதமாம்.

த்ரூ போட்டு நான் அனுப்பிய கடிதத்துக்கும் அந்தக் காலத்தில் ஒருநாள் பதில் வந்தது. கொழும்பிலிருந்து பழைய கந்தோருக்குப் போய், அங்கே புதிய தலைவரின் ஊடாகக் கிளிநொச்சிக்கு வந்து, இங்குள்ள தலைவரின் ஊடாக என் மேசைக்கு வந்தது. ‘தங்கள் தலைவர் சிபாரிசு செய்யாதபடியால் தங்கள் கோரிக்கையை ஏற்க முடியாமைக்கு வருந்துகிறோம்.’ நான் கைவிரலில் ஒட்டியிருந்த பச்சையரிசியைத் தட்டிவிட்டு, பெற்றுக்கொண்டதாகத் திகதி போட்டேன். அன்று விஜயதசமி. காலையில்தான் மகளின் விரலைப் பிடித்து அரிசியில் முதல் ‘அ’ எழுதுவித்துவிட்டு வந்திருந்தேன்.