தங்கராசு அண்ணனுக்கு நான் கொடுத்த சென்சார்

கெட்டது என்று தெரிந்தே விற்றேன். கைதவறி நடந்ததல்ல. நல்லதைக் காட்டிவிட்டு, கெட்டதைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். மிச்சத்தைக் கேட்பதா வேண்டாமா என்று பிறகு முடிவு செய்யுங்கள்.

எண்பதுகளில் ஜாலான் புசார் பக்கத்துச் சந்து ஒன்றில் என் அப்பாவுக்குப் பழைய கார் சாமான் கடை இருந்தது. அவருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பிறகு நான்தான் கடையில் நின்றேன். அந்தச் சந்தில் கிரீஸ் படிந்த கையோடு நின்ற ஒரே பெண் நான். முகத்துக்கு நேரே ‘மேரி’ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் ‘ஸ்பேனர் மேரி’. எனக்குத் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு!

ஜப்பானில் ஓடி முடித்த கார்களை நடுவில் அறுத்து, இன்ஜின் இருக்கும் முன்பாதியைக் கப்பலில் அனுப்புவார்கள். அந்த இன்ஜின்களின் புகைக்குழாயில் கட்டைவிரல் பருமனில் ஒரு சாமான் திருகியிருக்கும். ஆக்சிஜன் சென்சார். வெளியே போகும் புகையை வைத்து, இன்ஜினுக்குப் பெட்ரோல் போதுமா போதாதா என்று அது சொல்லிவிடும். அதன் வயரை ஒரு மீட்டரில் மாட்டினால், பெட்ரோல் கூடும்போது ஊசி ஏறும். குறையும்போது உடனே இறங்கும். ரேஸ் வண்டிகளை டியூன் செய்பவர்கள் அதைத் தேடி எங்கள் சந்துக்கு வருவார்கள்.

பழையதை எப்படிச் சோதிப்பது? சமையல் கேஸ் அடுப்பில்தான்! குறட்டால் பிடித்து நுனியை நெருப்பில் காட்டினால் ஊசி ஏறும். வெளியே எடுத்ததும் சட்டென்று விழ வேண்டும். விழுந்தால் நல்லது. தயங்கித் தயங்கி இறங்கினால் அது செத்தது. அப்போது இங்கே பெட்ரோலில் ஈயம் கலந்திருக்கும். ஜப்பானிலிருந்து நல்லபடியாக வந்த சென்சார்கூட இங்கே கொஞ்ச காலம் ஓடினால் ஈயம் படிந்து மந்தமாகிவிடும்.

என்னிடம் இரண்டு இருந்தன. ஒன்று, புதிதாக வந்திறங்கிய இன்ஜினிலிருந்து கழற்றியது. மற்றது இங்கே யாரோ ஒருவர் வண்டியில் ஓடி, செத்துத் திரும்பி வந்தது. அதையும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, நல்லதைப் போலவே ஆக்கி வைத்திருந்தேன். குப்பையில் போட வேண்டியதை எதற்குத் தேய்த்தேன்? இந்தக் கேள்விக்கு நான் இன்னும் எனக்கே பதில் சொன்னதில்லை...

தங்கராசு அண்ணனுக்கு ஃபேரர் பார்க் பக்கம் சின்னப் பட்டறை. காதுதான் அவருடைய சொத்து. தீப்பொறி எந்த நேரத்தில் விழ வேண்டும் என்பதை அவர் காதால் கேட்டே சரிசெய்வார். ஓடுகிற இன்ஜின் மேல் குனிந்து, தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் மயிரிழை திருப்புவார், கேட்பார், திருப்புவார். பிறகு இறுக்கிவிடுவார். அவ்வளவுதான். யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

ஜொகூருக்கு ரேஸ் ஓட்டப் போகும் ஒரு சீனப் பையனின் வண்டி அவரிடம் வந்திருந்தது. தீப்பொறி டைமிங்குக்குக் காது போதும், பெட்ரோல் அளவுக்கு மட்டும் ஊசி வேண்டும் என்று கடைக்கு வந்தார். நெருப்பில் காட்டச் சொன்னார். நான் அடுப்பைப் பற்ற வைத்தேன். கடையில் இன்னும் சிலர் நின்றிருந்தார்கள்.

“மீன் குழம்பு வைக்கிற அடுப்புல சென்சாரா? பாத்து மேரி, புளி கூடிடப் போவுது.”

அண்ணன் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். அதைப் பொறுத்திருப்பேன். நாற்காலியில் கிடந்த அப்பாவும், கோணிய வாயோடு, சிரித்தார். அவருக்குச் சோறு ஊட்டி, கழுவிவிட்டு, அவர் கடையையும் காப்பாற்றிக்கொண்டிருந்தவள் நான்!

அண்ணன் கெட்ட மனசோடு சொல்லவில்லை. இது இப்போதுதான் புரிகிறது என்று எழுதினால் அதுவும் பொய். அப்போதே தெரியும்.

நெருப்பிலிருந்து எடுத்ததும் ஊசி சட்டென்று விழுந்தது. “நல்ல சாமான்லா” என்றார். சூடு ஆறட்டும், கட்டி வைக்கிறேன் என்றேன். எதிர் டீக்கடைக்குத் தே குடிக்கப் போனார். கவனியுங்கள்... ஏதோ ஆத்திரத்தில் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை. சூடு ஆறும் நேரம் முழுக்க எனக்கு யோசிக்க அவகாசம் இருந்தது. இரண்டும் என் முன்னால்தான் கிடந்தன. ஒன்று சூடாக, ஒன்று குளிர்ந்து.

குளிர்ந்ததை எடுத்துக் காகிதத்தில் சுற்றினேன்.

என்ன நடக்கும் என்று நினைத்தேன்? ஊசி சரியாக இறங்கவில்லை என்று திரும்பி வருவார்; நாலு பேர் முன்னால் என்னிடம் கெஞ்சுவார்; அப்போது மாற்றிக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அவர் அந்த ஊசியை நம்பிவிடுவார் என்று நினைக்கவில்லை. ஏன் நம்ப மாட்டார்? அவர் கண்ணெதிரில் அல்லவா சோதித்துக் காட்டினேன்!

லிம் சூ காங் நேர் ரோட்டில் வண்டியை விரட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஊசி மேலேயே நின்றிருக்கிறது. பெட்ரோல் தாராளமாக இருக்கிறது என்று நம்பி, அண்ணன் அதைக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறார். பிஸ்டன் உருகி ஓட்டை விழுந்துவிட்டது. இன்ஜின் போயிற்று.

அந்தச் சென்சாரை எடுத்துக்கொண்டு வந்தார். வண்டிக்காரப் பையன் கையைக் கட்டிக்கொண்டு சந்து முனையில் நின்றான்.

“கோவிச்சுக்காத மேரி. இத இன்னொரு தடவ நெருப்புல காட்டு.”

அப்படி ஓட்டை விழ இரண்டே காரணம்தான் இருக்க முடியும் என்றார். பெட்ரோல் போதாமல் போயிருக்க வேண்டும். இல்லையென்றால் தீப்பொறி முந்தி விழுந்திருக்க வேண்டும். தீப்பொறி அவருடைய காது வைத்த கணக்கு. சாமான் கெட்டது என்றால் அவர் காது தப்பித்தது.

அவர் கேட்டது அதை மட்டும்தான். புரிகிறதா உங்களுக்கு? “அண்ணே, சாமான் மாறிப்போச்சு” என்று நான் சொல்லியிருந்தால் போதும். அதுகூட முழு உண்மை இல்லை. அந்தப் பாதிப் பொய்யே அவரைக் காப்பாற்றியிருக்கும்.

சென்சாரை வாங்கிக்கொண்டு, குறடு எடுத்து வருவதாக உள்ளே போனேன். திரும்பி வந்தபோது குறட்டில் நல்லது இருந்தது.

அடுப்பைப் பற்ற வைத்தேன். ஊசி ஏறியது. வெளியே எடுத்தேன். விழுந்தது.

“இன்னொரு தரம்” என்றார்.

மறுபடியும் விழுந்தது.

அவர் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பக்கத்தில் நின்றும் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மீட்டரைப் பிடித்திருந்த அவர் கையைத்தான் பார்த்தேன்.

“அப்ப பெட்ரோல் சரி” என்றார். பிறகு, சாவி தொலைந்துவிட்டது என்று சொல்வதைப் போல, “காது போச்சு மேரி” என்றார்.

சென்சாரை என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

ஏன் அப்படிச் செய்தேன்? பயமா? அந்தப் பையன் இன்ஜினுக்கு என்னைப் பிடித்துக்கொள்வான் என்ற பயம் இருந்தது. ஆனால் அது மட்டுமில்லை. ‘பாத்தியா, பொம்பளைய நம்பி சாமான் வாங்கினா இதான்’ என்று சந்து முழுக்கப் பேசும். அதைக் கேட்பதைவிட ஒரு ஆள் அழிவது மேல் என்று அன்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் காறித் துப்புங்கள்.

பட்டறையில் இருந்த எல்லாவற்றையும் விற்று அந்தப் பையனுக்கு வேறு இன்ஜின் போட்டுக் கொடுத்தார். அதன் டைமிங்கை வேறு ஆளை வைத்துச் சரிபார்த்தார் என்று கேள்விப்பட்டேன். பிறகு ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலைக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டார்.

நான் மாதா கோவிலுக்குப் போகிறவள். பூசைக்கு முன்னால் ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வேன். கோபப்பட்டேன், பொய் சொன்னேன், அப்பாவை ஏசினேன் என்று எல்லாம் சொல்வேன். இதை மட்டும் சொன்னதில்லை. சொன்னால் ஃபாதர் மன்னித்துவிடுவார். நாலு செபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார். அவர் யார் இதை மன்னிக்க? அவர் காதா போயிற்று?

சொன்னால் அந்த மனிதரிடம்தான் சொல்ல வேண்டும் என்று, சில வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை புக்கிட் பாத்தோக்கில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணனின் மனைவி பார்வதியக்கா கதவைத் திறந்து, அண்ணனுக்கு எதிரே உட்காரச் சொன்னார். காப்பி வந்தது. கீழே கார் பார்க்கில் யாரோ ஒரு வண்டியைக் கிளப்பினார்கள். டைமிங் தப்பி இன்ஜின் தட்டியது. எனக்கே கேட்டது. அண்ணன் தலையைத் திருப்பவில்லை. திருப்பக்கூடாது என்று பழகிக்கொண்ட கழுத்து அது.

“அண்ணே, அந்தச் சென்சார்...” என்று ஆரம்பித்தேன்.

“அத விடு மேரி. உனக்கு நான்தான் நன்றி சொல்லணும். அன்னிக்கு நீ ரெண்டு தரம் நெருப்புல காட்டலேன்னா, காது போனதே தெரியாம இன்னும் எத்தன பேரு இன்ஜின ஒடச்சிருப்பேனோ.”

பார்வதியக்கா சிரித்தார். “யாரு வந்தாலும் இதத்தான் சொல்வாரு. அந்தச் சந்துலயே மேரி ஒருத்திதான் நேர்மைன்னு.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வாய் திறந்துதான் இருந்தது...

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“பரவாயில்லண்ணே” என்றேன்.

காப்பியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.