மேனேஜரக்காவின் கை

அந்தப் படுக்கைவிரிப்பு ஏற்கெனவே மடித்தாகிவிட்டது. மூலைக்கு மூலை சேர்த்து, நீவி, அடுக்கின் மேல் வைத்தும் ஆயிற்று. மேனேஜரக்கா அதை எடுத்து, "ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் மடிச்சிருக்க, சும்மா பாக்குறேன்" என்றபடியே உதறிப் பிரித்து, முதலிலிருந்து மடிக்கிறார். மடித்த பெண்ணுக்கு முன்பெல்லாம் கோபம் வரும். இப்போது அந்த நேரத்தில் டீ குடித்துவிட்டு வந்துவிடுகிறாள்.

மருத்துவமனைக்கும் ஓட்டலுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் பதினாறு வருஷம் இஸ்திரி மேஜையில் நின்றவர் அக்கா. அவர் கை பட்ட சட்டையில் ஈ உட்கார்ந்தால் வழுக்கும். இவ்வளவு நன்றாக வேலை செய்கிறாரே என்று முதலாளி அவரை அந்த வேலையிலிருந்தே தூக்கி மேனேஜர் ஆக்கினார். நன்றாக நீந்துகிற மீனுக்குக் கரையில் நாற்காலி போட்டுக் கொடுத்த மாதிரி! மூன்று நாள் பயிற்சிக்கும் அனுப்பினார்கள். "வேலையைப் பிரித்துக் கொடு, கொடுத்ததைத் திரும்ப வாங்காதே" என்பது அங்கே கற்ற பாடம். அதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டும்படி ஆபீஸ் பெண்ணிடம் சொன்னார். அவள் எழுதியது கோணலாக இருந்ததென்று, கிழித்துவிட்டு அக்காவே எழுதி ஒட்டினார்.

அவருக்குக் கீழே வேலை செய்வது சுகம். "எப்படியும் அக்கா ஒரு தடவ பண்ணத்தான் போறாங்க, நாம எதுக்கு மாஞ்சு மாஞ்சு பண்ணணும்?" என்பதுதான் கூடத்தின் சித்தாந்தம். வீட்டிலும் அதே கதை. "நான் கழுவின தட்டைக் கழுவுறா, நான் பூட்டின கதவைப் பூட்டுறா. நல்லவேளை, நான் தூங்கினதத் திரும்பத் தூங்கல" என்கிறார் கணவர். ஆனாலும் தெருவில் யாரைப் பார்த்தாலும் "எங்க வீட்ல மேனேஜர்" என்று ஆரம்பித்துவிடுவார்.

கூடத்தில் கண்டக்டர் என்று ஒருவர் உண்டு. நிஜமாகவே பேருந்தில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர்தான். எந்த டிராலி எங்கே போகிறதென்று அட்டை எழுதி மாட்டுவது இங்கே அவர் வேலை. மாட்டியதும் டிராலியை இரண்டு தட்டுத் தட்டி, "போலாம் ரைட்!" என்பார். எழுத்து மட்டும் கோழி கிளறியதுபோல் இருக்கும். அதனால் அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் அக்கா எல்லா அட்டைகளையும் கழற்றி, முத்து முத்தாக எழுதித் திரும்ப மாட்டுவார்.

போன செவ்வாய்க்கிழமை, முத்து முத்தான அட்டைகளில் இரண்டு இடம் மாறிவிட்டன. ஓட்டலின் பூத்துவாலைகள் மருத்துவமனைக்குப் போயின. அதில் யாருக்கும் குறையில்லை. நோயாளிகளின் அங்கிகள் ஓட்டலுக்குப் போயின. ஒரு விருந்தாளி அதைக் குளியல் அங்கி என்று நினைத்து மாட்டிக்கொண்டு, நீச்சல்குளத்துக்குக் கம்பீரமாக நடந்து வந்திருக்கிறார். அந்த அங்கிக்கு முதுகுப் பக்கம் முழுக்கத் திறப்பு. கேட்க வேண்டுமா!

மறுநாள் காலை முதலாளியே வந்து குதித்தார். "அட்டை எழுதுறது அந்தக் கண்டக்டர்தானே? இன்னைக்கே அனுப்பிடு."

கண்டக்டரின் மகள் கல்லூரியில் கடைசி வருஷம். இந்த வேலை போனால் அந்தப் படிப்பும் பாதியில் நிற்கும். அக்கா சும்மா நின்றால் போதும், யாருக்கும் எதுவும் தெரியாது, மேனேஜர் பதவிக்கும் பங்கமில்லை. அக்கா ஓர் அடி முன்னால் வந்தார்.

"அவர் சரியாத்தான் எழுதினாரு சார். நான்தான் அதக் கழட்டிட்டு வேற எழுதி, மாத்தி மாட்டிட்டேன்."

"நீ எதுக்கு எழுதின?"

"எழுத்து அழகா இல்ல சார்."

முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். "முதுகு தெரிய நின்னாரே அந்த ஆளு, எழுத்து அழகா இருக்குன்னா சொன்னாரு? இனி ஒரு அட்டையில உன் எழுத்தப் பாத்தேன், மறுபடி இஸ்திரி மேஜைதான். சொல்லிட்டேன்."

அவர் தலை மறைந்ததும் கண்டக்டர் மெல்லப் பக்கத்தில் வந்தார். "கோழிக் கிறுக்கல்தாம்மா. ஆனா வழி தெரிஞ்ச கோழி." அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பதினாறு வருஷத்தில் யாரும் அவர் வேலையில் குறை சொன்னதில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது.

அன்று சாயங்காலம் மருத்துவமனை டிராலி கிளம்பும் நேரம். கண்டக்டர் பேனாவைத் திறந்தார். போகாதே என்று மனசு சொல்லியும் அக்கா போய்ப் பக்கத்தில் நின்றார். முதல் எழுத்தே ஒருக்களித்துப் படுத்தது. இரண்டாவது அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. அக்காவின் கை தானாக நீண்டது. பாதி வழியில் தயங்கி, திரும்பி மேலே போய், மூக்கின் மேலிருந்த கண்ணாடியைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டு இழுத்து மூடியது. டிராலி வாசலைத் தாண்டும்வரை அந்தப் பையை அவர் திறக்கவில்லை.