மடியில் கட்டிய கல்

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் நின்றபடி ரொட்டி தின்றபோது ஒரு துண்டு தொண்டையில் நின்றுவிட்டது. தேநீர் ஊற்றியும் இறங்கவில்லை. மூன்று மாதம் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. லொறியிலும் பேக்கரியிலும் ஊர் ஊராக வேலை செய்தவன் நான். வெற்றிலை இருந்தால் பசி தெரியாது.

தொண்டையில் புற்றுநோய் என்றார்கள். ஏழு கிழமை (வாரம்) கதிர்ச் சிகிச்சை (கட்டியைக் கதிரால் கருக்குவது). கிழமைக்கொருமுறை உணவு ஆலோசகரிடம் நிறை பார்க்க வேண்டும். அவர் யாழ்ப்பாணத்துப் பெண். கஞ்சியில் முட்டையும் தேங்காய்ப்பாலும் அடித்து, ஆறவைத்துக் குடிக்கச் சொன்னார்.

"நிறை குறையக் கூடாது ஐயா. கனக்கக் குறைஞ்சால் சிகிச்சையை நிப்பாட்ட வேண்டி வரும்."

நான் பிடித்துக்கொண்டது சிகிச்சை நின்றுவிடும் என்ற அந்தக் கடைசிச் சொல்லைத்தான்.

மூன்றாம் கிழமை வாயெல்லாம் புண். கஞ்சி பாதிக்கு மேல் மண்ணுக்குப் போயிற்று. நான் கலஹாப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். கொழுந்து நிறுக்கும் தராசு எங்களிடமிருந்து கழிப்பதற்கே இருந்தது. கொழுந்து பறிப்பவர்கள் கூடையின் அடியில் ஈரக் கொழுந்தை வைத்து, நிறையைக் கூட்டிச் சமாளிப்பார்கள். நான் சாரத்து (கைலி) மடியில் ஒரு கல்லைக் கட்டினேன். அடுத்த கிழமை இரண்டு.

"என்னாங்க, கிளினிக்குக்கு அம்மிய தூக்கிட்டுப் போறீங்களா?" என்றாள் மனைவி சரசு.

"நிறை அப்பிடியே நிக்குது. நல்லாச் செய்யிறியள் ஐயா," என்றார் ஆலோசகர்.

ஐந்தாம் கிழமை தராசிலேயே மயங்கி விழுந்தேன். மடி அவிழ்ந்து கற்கள் உருண்டன. கண் விழித்தபோது ஒன்றை அவர் கையில் வைத்திருந்தார்.

"உண்மையான நிறை தெரிஞ்சிருந்தால் அப்பவே குழாய் போடச் சொல்லியிருப்பன்," என்றார். கோபப்படவில்லை.

மூக்குக் குழாய் (இரைப்பை வரை போகும் மெல்லிய குழாய்) போட்டார்கள். உடல் தேறும்வரை சிகிச்சை மூன்று கிழமை நின்றது. பிறகு முடித்தார்கள். இப்போது கட்டி திரும்ப வளர்ந்திருக்கிறது.

"அந்த மூணு கிழமையாலயா டொக்டர்?"

"இருக்கலாம். சரியா சொல்ல ஏலாது."

இதே சிகிச்சைக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: குறைந்தால் குறைந்ததாகவே காட்டுங்கள். அந்தத் தராசு உங்களிடமிருந்து எதையும் கழிக்க வைத்ததல்ல.

ஓர் ஊரில் மூன்று மாதம் தங்காதவன், மூன்று மணிக்கொருதரம் குழாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சரசு ஊற்றுகிறாள். ருசி இல்லை, பசியும் இல்லை. எத்தனை தரம் ஊற்றினாள் என்பதுதான் நாள்.

போன கிழமை தராசில் ஏறுமுன் மடியை உதறிக் காட்டினேன்.

"தேவையில்லை ஐயா," என்றார் ஆலோசகர்.

முள் கொஞ்ச தூரம் போய் நின்றது. அது முழுக்க நான்.